விமானத்துக்கு வைத்த பொட்டு

எண்ணெய் ஒழுகுவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற மனுஷர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான் உண்டு. அவர் எங்கள் 'ஒரிஜினல்' அண்ணாச்சி.

ஷார்ஜாவில் எங்கள் அர்பாப், அதாவது முதலாளி, ஒரு பழைய போர் விமானம் வைத்திருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பறந்தது. இப்போது விமானக் கண்காட்சிகளில் பறந்து கைதட்டல் வாங்குகிறது. அதைப் பராமரித்த மெக்கானிக்தான் அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர். நான் ஸ்டோர் கீப்பர். "ஏவியேஷன்ல இருக்கேன்" என்று சொல்லிப் பெண் கட்டியவன். உண்மையில் நான் கட்டிக் காத்தது நட்டும் போல்ட்டும்தான்.

வேலையில் சேர்ந்த அன்றே, என்ஜினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, பெரிய கண்டுபிடிப்புபோல ஓடிப்போய் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"ஒழுகட்டும்ல. அந்தக் காலத்து என்ஜின் ஒழுகத்தான் செய்யும். ஒழுகலன்னா உள்ள எண்ணெய் இல்லன்னு அர்த்தம். அப்ப வந்து கத்து."

விமானத்தில் எல்லாமே அந்தக் காலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் அவருக்கு. பழைய ஒற்றைக் கோட்டு ஸ்க்ரூவுக்குப் பதிலாகப் பிளஸ் தலை ஸ்க்ரூ ஒன்றை எடுத்துக் கொடுத்தேன் என்று ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. மணல் படிந்தால் துணியால் துடைக்க விடமாட்டார், பெயின்ட் கீறிவிடுமாம். குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுப்பார். விமானத்துக்கு ஜிலுஜிலுவென்று ஏசி. முவைலாவில் நாங்கள் தங்கியிருந்த ரூமில் எங்களுக்கு ஏசி என்ற பெயரில் வெறும் சத்தம்.

இந்த வியாதி விமானத்தோடு நின்றதா? நான் தலைக்கு டை அடித்துக்கொண்டு போன அன்று, என்னை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஃபினிஷிங் சரியில்லடே. ஒரிஜினலாவே விட்டிரு."

ஆயுத பூஜை வந்தது. "ஸ்பேனர் பெட்டிக்கு மட்டும் பொட்டு வைல" என்று சொல்லிவிட்டு, பழம் வாங்கப் போனார் அண்ணாச்சி. எனக்கோ பக்தி முற்றிவிட்டது. ஊரில் சைக்கிளுக்கே வைக்கிறோம், இவ்வளவு பெரிய விமானத்துக்கு வைக்காமலா? ஏணி போட்டு ஏறி, மூக்கில் தாம்பாளம் அகலத்துக்குச் சந்தனம் அப்பினேன். குங்குமம் நிற்காமல் உதிர்ந்தது. சும்மா விடுவேனா? நல்லெண்ணெயில் குழைத்துப் பூசினேன். மூளை கொஞ்சமா நஞ்சமா!

பளபளப்பில்லாத பெயின்ட் அது. குங்குமத்தை அப்படியே குடித்துவிட்டது. தேய்த்தால் தேய்த்த இடம் மட்டும் மினுங்கும்.

"கூறுகெட்ட மூதி, என்னல பண்ணி வச்சிருக்க?" என்று கேட்டுக்கொண்டே பழப் பையோடு வந்து நின்றார் அண்ணாச்சி.

அந்த வாரமே, கண்காட்சிக்கு விமானம் தகுதியா என்று பார்க்க ஒரு வெள்ளைக்கார நிபுணர் அர்பாப்போடு வந்தார். மூக்கைப் பார்த்தார். இது சரித்திரத்தில் இல்லை, இதோடு பறக்க முடியாது என்று தலையை ஆட்டினார். அர்பாப் முகம் கறுத்தது.

"யே கிஸ்னே கியா?"

யார் செய்தது என்கிறார். செய்தவனுக்கு விசா கேன்சல், அடுத்த பிளைட்டில் ஊர். அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"மைனே கியா, அர்பாப்."

தான்தான் செய்ததாகச் சொல்கிறார்! நான் வாயைத் திறக்குமுன் என் காலை ஓங்கி மிதித்தார். பிறகு ஹிந்தியும் இங்கிலீஷுமாகக் கையை ஆட்டி ஆட்டி அவர் சொன்னது இதுதான்: அந்தக் காலத்தில் விமானத்தைப் பார்த்துக்கொண்ட சிப்பாய்கள் தங்களுக்குப் பிடித்த அடையாளத்தை மூக்கில் வரைந்தார்கள். இப்போது பார்த்துக்கொள்வது நாங்கள். அப்படியானால் இதுவும் ஒரிஜினல்தான்.

நிபுணர் யோசித்தார். அப்புறம் சிரித்துவிட்டார். "கலாஸ், பேச்சு முடிஞ்சது, பறக்கட்டும்" என்ற அர்பாப் அதோடு விடவில்லை. கண்காட்சி முடிந்ததும் அண்ணாச்சியே மூக்கு முழுவதும் பெயின்ட் அடிக்க வேண்டும், தீபாவளி லீவு கிடையாது என்றார்.

அவர்கள் போனதும், "ஏன் அண்ணாச்சி இப்படிச் செஞ்சீங்க?" என்றேன். அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல்.

"பிளேனுக்குப் பெயின்ட் நான் அடிச்சிருவேன். உனக்கு விசா எவம்ல அடிப்பான்? மூஞ்சியத் தொடச்சிக்க, பாக்கச் சகிக்கல."

கண்காட்சியன்று நெற்றியில் பொட்டோடு விமானம் எழும்பியது. கூட்டம் முழுவதும் அண்ணாந்து வானத்தைப் பார்த்தது. நான் அண்ணாச்சியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.