பாண்டீஸ்வரன் திருத்திக் கொடுத்த இங்கிலீஷ்

தான் குற்றவாளி இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிடுவதாகப் பாண்டீஸ்வரன் முடிவு செய்தார். குற்றம் செய்தது அவர்தான். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ரோட்டு வளைவில் பஞ்சாயத்து வைத்திருந்த கேமராவுக்கும் இல்லை. ஆனாலும் முடிவு முடிவுதான்.

பள்ளிவாசல் என்கிற மலையூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இருபத்தெட்டு வருஷமாக உலர்த்தும் மிஷினுக்கு முன்னால் நின்றவர் அவர். நின்று நின்று முழங்கால் இரண்டும் வாசல் கதவு மாதிரிச் சத்தம் போட ஆரம்பித்திருந்தன. எஸ்டேட் வரிசை வீடான லயத்துக்கு வந்தால் கேஸ் சிலிண்டர் காலியாக இருக்கும், தண்ணீர்க் குழாய் ஒழுகும், கோழி காணாமல் போயிருக்கும். மனுஷன் வாழ்க்கையில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒருநாள் முழுக்க உட்கார வேண்டும். யாரும் எழுப்பக் கூடாது.

அவர் மனைவி கற்பகம் காலையில் கொழுந்து எடுக்கப் போகிறவள். நாற்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. அவளோடு படித்தவள் குருவம்மாள். குருவம்மாள்தான் லயத்தில் வீடு வீடாக வந்து பஞ்சாயத்துக்காகக் குப்பை பிரித்து வாங்குகிறவள்.

இந்தக் கதையில் எல்லா வம்பும் அந்தக் குருவம்மாளால் வந்தது. அவள் பாவம், எதுவும் செய்யவில்லை. குப்பையைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

போடியில் இருக்கும் கற்பகத்தின் தம்பி பெரியமுத்து புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறான் என்று ஃபேக்டரி விலாசத்துக்கு ஒரு பத்திரிகை வந்தது. பாண்டீஸ்வரனுக்கு அதைப் பார்த்ததுமே முழங்கால் வலித்தது. மச்சினன் வீட்டு விசேஷம் என்றால் அவருக்கு விருந்து கிடையாது, டியூட்டிதான். போன காதுகுத்துக்கு முந்நூறு நாற்காலி இறக்கினார். ஒரு ஆட்டைத் தேடிக்கொண்டு மூன்று தெரு நடந்தார். பந்தியில் அவர் உட்கார்ந்தபோது ரசம் மட்டும் மிச்சம் இருந்தது.

பத்திரிகையை வீட்டுக் குப்பையில் போட்டால் குருவம்மாள் எடுத்துக் கற்பகத்திடமே கொடுத்துவிடுவாள். அதனால் ஒரு பழைய தலையணையின் வயிற்றைக் கிழித்து, பஞ்சுக்குள் பத்திரிகையைச் செருகி, பையில் கட்டி, வேலைக்குப் போகிற வழியில் ரோட்டு வளைவில் பள்ளத்துக்குள் வீசினார். வீசிவிட்டுக் கையைக் கூடத் தட்டிக்கொண்டார். கேமராப் படத்தில் அதுவும் விழுந்திருந்தது.

நாலாம் நாள் பஞ்சாயத்திலிருந்து ஜிதின் என்ற பையன் போனோடு வந்து நின்றான்.

"பாண்டீஸ்வரன் சேட்டா, இது நீங்கதானே?"

"நான் இல்லை தம்பி. இந்த ஆளு குண்டா இருக்கான்."

கற்பகம் எட்டிப் பார்த்தாள். "அந்தச் சட்டை போன பொங்கலுக்கு நான் எடுத்துக் கொடுத்தது."

"ஊர்ல ஒரே சட்டையா இருக்கு?"

"பைக்குள்ள இதும் இருந்தது சேச்சி," என்று ஜிதின் ஒரு கவரை நீட்டினான். கவர் மேல் பாண்டீஸ்வரன் குடும்பம் என்று பெரிய எழுத்தில் பளிச்சென்று இருந்தது.

கற்பகம் பிரித்தாள். ஒரு தரம் படித்தாள். மடித்தாள். மறுபடி பிரித்து இன்னொரு தரம் படித்தாள்.

"ஏங்க, என் தம்பி வீட்டுப் பத்திரிகை குப்பைக்குள்ள எப்படிப் போச்சு?"

"காத்து அடிச்சுருக்கும்."

"காத்து வந்து, தலையணையைக் கிழிச்சு, பஞ்சுக்குள்ள வச்சு, பையில போட்டு, ரெண்டு முடிச்சும் போட்டுச்சாக்கும்?"

பாண்டீஸ்வரன் ஜன்னலை இழுத்துச் சாத்தினார். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்டதுதான் அவருக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பஞ்சாயத்தில் தப்பை ஒத்துக்கொண்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். "அந்த ஆள் குண்டு" என்பதிலேயே பாண்டீஸ்வரன் நின்றதால் விஷயம் கோர்ட்டுக்குப் போனது. சம்மன் வந்தது. வியாழக்கிழமை காலை பதினொரு மணி.

பால் காய்ச்சுவது வெள்ளிக்கிழமை விடிகாலை. அதற்குப் போடி போக வேண்டுமென்றால் வியாழக்கிழமை மத்தியானமே கிளம்ப வேண்டும்.

பாண்டீஸ்வரன் சம்மனைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாததுதான் குறை.

ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் நஞ்சப்பன் பாலக்காட்டுப் பக்கத்து ஆள். ஒரு வேலித் தகராறில் பதினோரு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறவர். அவரிடம் யோசனை கேட்டார்.

"செஞ்சேன்னு சொன்னீங்கன்னா ஒரு நிமிசத்துல உட்ருவாங்க. நான் செய்யலீங்கன்னு சொல்லிப்போட்டீங்கன்னா வாய்தா வாய்தான்னு இழுக்குமுங்க. ஒவ்வொரு தடவையும் பொழுதுக்கும் பெஞ்சுல உக்காந்திருக்கோணுமுங்க. பெரிய ரோதனை."

"பொழுதுக்குமா?"

"ஆமாங்க."

"பெஞ்சுல?"

"சாயற பெஞ்சுங்க."

பாண்டீஸ்வரனுக்குக் கண் கலங்கியது. அந்த இடத்தில்தான் அவர் முடிவெடுத்தது.

வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். "கற்பகம், விசேஷத்துக்கு வரணும்னு எனக்கு உசிரு. என்ன பண்றது? பெட்டி கேஸு போட்டுட்டான்."

"சின்ன கேஸுக்குத்தான் பெட்டி கேஸுன்னு பேரு. அதுக்கு ஏன் பெட்டி கட்டுற மாதிரி முகத்தை வச்சிருக்கீங்க?"

"சின்னதா இருந்தாலும் கோர்ட்டு கோர்ட்டுதானே. சாயங்காலம் வரைக்கும் விட மாட்டான். அதுக்கப்புறம் பஸ்ஸு ஏது?"

"அப்பா அம்மா இல்லாத வீடுங்க. பால் பானையை அடுப்புல ஏத்துறதுக்கு அவனுக்கு நம்ம ரெண்டு பேரை விட்டா யாரு இருக்கா?"

பாண்டீஸ்வரன் அவள் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, "சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல," என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கற்பகம் வகுப்பு முடிந்து வந்து இங்கிலீஷ் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். பாண்டீஸ்வரனுக்கு லயத்தில் இங்கிலீஷ் தெரிந்தவர் என்று ஒரு பேர் உண்டு. லீவு லெட்டரை அவரே எழுதுவார். இருபத்தெட்டு வருஷமாக ஒரே லெட்டர். தேதி மட்டும் மாறும்.

"கேக்குறதுக்கு இங்கிலீஷ்ல எத்தனை வார்த்தைங்க! எல்லாம் குழப்பமா இருக்கு. பெக்னா என்ன?"

"பிச்சை. கையில எதுவும் இல்லாதவன் கேக்குறது."

"ரிக்வெஸ்ட்?"

"கையில கொஞ்சம் வச்சிருக்கிறவன் கேக்குறது. லீவு லெட்டர்ல ரெண்டையும் போடணும். எதுல இரங்குவாங்கன்னு சொல்ல முடியாது."

"ப்ரே?"

"சாமிகிட்டக் கேக்குறது."

"கோர்ட்டுல கேக்குறதுக்கும் அதே வார்த்தைதானாம். டீச்சர் சொன்னாங்க. சரி, இது? பி, எல், இ, ஏ, டி."

பாண்டீஸ்வரன் புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "பிளேடு."

"பிளீடுன்னு சொன்னாங்களே?"

"எழுதுறது அப்படி இருக்கும். படிக்கிறது பிளேடு. விடாமக் கேட்டுக் கேட்டு எதிராளி காதை அறுக்குறது. உனக்குத் தெரியாததா?"

கற்பகம் தலையை ஆட்டினாள். பிறகு சம்மனோடு வந்திருந்த இன்னொரு காகிதத்தை எடுத்தாள்.

"இதுல நீங்க எழுதி அனுப்பணுமாம். டீச்சர்கிட்டக் காட்டிக் கேட்டேன். நானே எழுதட்டுமா? பரீட்சைக்குப் பழகின மாதிரியும் இருக்கும்."

"எழுது, எழுது. பார்த்து எழுது. நான் திருத்திக் கொடுக்கிறேன்."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதி நீட்டினாள். பாண்டீஸ்வரன் விரல் வைத்துப் படித்தார்.

"ஐ... பிளேடு... குயில்ட்டி... டு தி... சார்ஜ்." நிறுத்தினார். "குயில்ட்டியா? இது என்ன குயில்ட்டி?"

கற்பகம் அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பினாள்.

பாண்டீஸ்வரனே கண்டுபிடித்துவிட்டார். தேயிலைப் பெட்டி ஒவ்வொன்றிலும் பார்க்கிற வார்த்தைதானே! "அட, குவாலிட்டி! ரெண்டு எழுத்தை முழுங்கிட்டயே. இப்படி எழுதினா ஃபெயிலு போட்டுருவான்."

"டீச்சர் இப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க."

"சரி, கோர்ட்டுல சுருக்கி எழுதுவாங்களா இருக்கும். சார்ஜுன்னா பொறுப்பு. குவாலிட்டியான ஆளு பொறுப்பா வந்து கேட்டுக்கிறேன்... ம். நல்லாத்தான் இருக்கு. மரியாதையா இருக்கு."

"கையெழுத்தைப் போடுங்க. நாளைக்கே அனுப்பிடுறேன்."

போட்டார். கீழே ஒரு கோடும் இழுத்தார்.

பதினோரு நாள் கழித்து, சம்மனில் சொன்ன வியாழக்கிழமை விடியும் முன் பாண்டீஸ்வரன் எழுந்து குளித்தார். பெட்டியிலிருந்து வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். கற்பகம் எலுமிச்சம்பழச் சோறு கட்டிக் கொடுத்து, "பணிஞ்சு பேசுங்க," என்று அனுப்பினாள். விசேஷத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. விட்டுவிட்டாள் என்று நினைத்தார். பஸ்ஸில் போகும்போது கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இரண்டு வளைவு வரைக்கும் இருந்தது.

கோர்ட்டில் நிஜமாகவே சாய்கிற பெஞ்சுதான். ஜன்னலோரமாக இடம் கிடைத்தது. வெளியே மஞ்சுப் பனி இறங்கி மரங்களை மூடிக்கொண்டிருந்தது. உள்ளே யார் யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள். ஒருத்தர் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர். ஒருத்தர் பக்கத்து வீட்டுப் பலாமரத்தை வெட்டியவர். எல்லோரும் எழுந்து போனார்கள், வந்தார்கள். பாண்டீஸ்வரனை யாரும் கூப்பிடவில்லை. சிலிண்டர் தூக்கச் சொல்லவில்லை. கோழி தேடச் சொல்லவில்லை. முழங்கால் இரண்டும் சத்தமே போடவில்லை. மனசுக்குள் மட்டும், கூப்பிட்டால் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "நாட் கில்டி. நாட் கில்டி." கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அறை காலியானது. மேஜையில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்த கிளார்க்கம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"சேட்டன் எந்த கேஸுக்கு வந்தது?"

பாண்டீஸ்வரன் பேரைச் சொன்னார். அந்த அம்மா ரிஜிஸ்தரைப் புரட்டினார்.

"இது போன வாரமே தீர்ந்துபோச்சே. நீங்கதானே எழுதி அனுப்பினீங்க, கில்டின்னு? அபராதமும் கூடவே வந்தது. நீங்க வரணும்னே இல்லையே."

"கில்டியா? நானா? நான் அந்த வார்த்தையை எழுதவே இல்லம்மா."

"இதோ, உங்க கையெழுத்து. கீழே கோடும் இருக்கு."

பாண்டீஸ்வரன் குனிந்து பார்த்தார். "அம்மா, இது குவாலிட்டி."

கிளார்க்கம்மா கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தார். "ஜி, யூ, ஐ, எல், டி, ஒய். கில்டி. குப்பையைப் போட்டது நான்தான்னு அர்த்தம்."

"அப்ப பிளேடுன்னு போட்டிருக்கே?"

"பிளீடு. கோர்ட்டுல குற்றத்துக்குப் பதில் சொல்றது."

"கேட்டுக்கிறது இல்லையா?"

"வெளியில சொன்னா கேட்டுக்கிறது. இங்க சொன்னா ஒத்துக்கிறது."

பாண்டீஸ்வரன் காகிதத்தின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். "இப்ப நான் இல்லைன்னு சொன்னா?"

"கேஸே இல்லையே சேட்டா, எதுக்கு இல்லைன்னு சொல்லுவீங்க? வீட்டுக்குப் போகலாம்."

அந்தக் கோர்ட்டில் அன்றைக்கு அதைவிடக் கடுமையான தண்டனை யாருக்கும் கிடைத்திருக்காது. அவர் இரண்டு கையையும் சேர்த்துக்கொண்டார். தனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையையும் திரட்டினார்.

"மேடம், ஐ பெக். ஐ ரிக்வெஸ்ட். சாயங்காலம் வரைக்கும் இந்த பெஞ்சுல சும்மா உட்கார்ந்துக்கட்டுமா?"

அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். இரக்கப்பட்ட மாதிரிதான் இருந்தது. "மத்தியானச் சாப்பாட்டுக்குக் கதவைப் பூட்டணும் சேட்டா," என்றார்.

வெளியே வந்தார். கோர்ட்டு வாசலில் ஒரு ஜீப் நின்றது. முன்சீட்டில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கற்பகம் உட்கார்ந்திருந்தாள். மடியில் மஞ்சள் கட்டிய புதுப் பால் பானை. பின்னால் குத்துவிளக்கு, பழத்தட்டு, ஒரு மூட்டை அரிசி, அவருடைய மாற்றுச் சட்டை.

பாண்டீஸ்வரன் படியிலேயே நின்றார். கோபப்படலாமா என்று யோசித்தார். அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

"நீ எழுதினதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்கதான் திருத்திக் கொடுத்தீங்க."

அதை மறுக்க வழி இல்லை. ஜீப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சரி, போன வாரமே முடிச்சுட்டயில்ல? வீட்டுலயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. என்னைய எதுக்கு இவ்வளவு தூரம் வர விட்ட?"

கற்பகம் பானையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் அவருக்கு இடம் ஒதுக்கினாள்.

"தம்பி வீட்டுக்குக் கிளம்புங்கன்னு சொல்லியிருந்தா உங்களுக்குக் காய்ச்சல் வந்திருக்கும். கோர்ட்டுன்னதும் நீங்களே லீவு எழுதிக் கொடுத்து, இருட்டோட எந்திரிச்சுக் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, போடி ரோட்டுல பாதி தூரம் வந்து உட்கார்ந்திருக்கீங்க. மிச்சப் பாதிக்குத்தாங்க நான் ஜீப்பு பிடிச்சேன்."