அப்பா பற்று விட்ட வாரம்

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அப்பா வாசலில் நின்றார்.

"நான் போறேன். என்னை நானே தேடணும்."

"சனிக்கிழமைக்குள்ள ஹோட்டல்காரருக்கு முந்நூறு படுக்கை விரிப்பு தேய்ச்சுக் கொடுக்கணும். இல்லேன்னா வேற கடைக்குப் போயிடுவார். கொடுத்துட்டுத் தேடுங்க," என்றாள் அம்மா. அவள் வலது மணிக்கட்டில் கட்டு.

எங்களுடையது சலவைக் கடை. அம்மா துவைப்பாள். அப்பா தேய்ப்பார். பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட நான் துணிகளில் அடையாளச் சீட்டுக் குத்துவேன். அந்த ஹோட்டல் போனால் கடைக்குப் பூட்டுதான். இந்த நேரம் பார்த்து யாரோ அழுக்கு மூட்டையோடு ஒரு புத்தகத்தையும் போட்டுவிட்டுப் போனார்கள். வேலையை உதறிவிட்டு மலை மலையாக அலைந்து ஒருவர் ஞானம் பெற்ற கதை. அப்பா நாற்பது பக்கம் படித்தார். நாற்பதே பக்கம். அதற்குள் முகத்தில் ஒரு மாதிரியான சிரிப்பு வந்துவிட்டது.

"யார் தடுத்தாலும் நிக்கமாட்டேன்!"

"யாருங்க தடுத்தா? போங்க. ஒன்பதாம் அத்தியாயம் படிச்சாச்சா?"

அப்பா விழித்தார். "அதுல என்ன?"

"மெஷின் சுத்துற நேரத்துல நான் முழுசா முடிச்சுட்டேன். மலையடிவாரத்துல குரு அவரை உள்ளயே விடலை. முதல்ல முந்நூறு விரிப்பைத் தேய்னு சொல்லிட்டார். ஒரு விரிப்பு, ஒரு பற்று. சுருக்கம் போகப் போக ஆசை போகும். நடுவுல பேசக் கூடாது. டீ கூடக் கேக்கக் கூடாது."

"முந்நூறா?"

"சரியா முந்நூறு. உங்களால முடியாதுங்க. அவருக்கு மனசுல தெம்பு இருந்துச்சு."

அப்பாவிடம் முடியாது என்று மட்டும் சொல்லக் கூடாது. பை தரையில் விழுந்தது.

"என்னாலயா முடியாது? பார்த்துடலாம்!"

நாலு நாள் வாயைத் திறக்கவில்லை மனுஷன். ஐம்பதாவது விரிப்பில் கோபத்தை விட்டாராம், சைகையில் சொன்னார். எண்பதில் சீட்டாட்டத்தை. நூற்றிருபதில் என் சித்தப்பாவை. இருநூற்றுப் பத்தில் அம்மாவையே விட்டுவிட்டதாகத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினார்.

அம்மா படித்தாள். "ரொம்ப சந்தோஷம். அந்த மடிப்பு கோணலா இருக்கு, பாருங்க."

வெள்ளிக்கிழமை முந்நூறும் வண்டியேறின. அன்றைக்குத்தான் நான் ஒன்பதாம் அத்தியாயத்தைப் புரட்டினேன். குருவும் இல்லை, விரிப்பும் இல்லை. அந்த ஆள் வயிற்றுப்போக்கோடு ஒரு விடுதியில் சுருண்டு கிடக்கிறார்.

எனக்கு மூடி மறைக்க வராது. அம்மா முறைக்க முறைக்கப் புத்தகத்தை நீட்டினேன்.

"அப்பா, ஒன்பதாம் அத்தியாயம். நாலே பக்கம். இப்பவே படிங்க."

நாலு நாளுக்குப் பிறகு அப்பா வாயைத் திறந்தார்.

"வாழ்ந்தே பார்த்தவன்டி நான். எனக்கெதுக்குப் படிப்பு?"

பிறகு அம்மா பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "பத்தாம் அத்தியாயத்துல என்ன வருது?"

"திரைச்சீலை," என்றாள் அம்மா.

நான் நீட்டிய கையை மடக்கவில்லை. அவர் புத்தகத்தை வாங்கவேயில்லை.