பெரிய கப்பி

"கழட்டினதை எங்கை தூக்கிக்கொண்டு போறாய்?"

கதிரவேலு கேட்ட கேள்வியில், மெக்கானிக் யாகோப்பு கிணற்றடியிலேயே நின்றுவிட்டான்.

"இது புகையைக் குறைக்கிற சாமான் அண்ணை. ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுறவைக்குத்தான் வேணும். தண்ணி இறைக்க என்னத்துக்கு?"

"வைச்சிட்டுப் போ."

கதிரவேலு அதைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டார். சண்டையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போனபின், சுன்னாகத்தில் ஒரு டொக்டர் வீட்டுக் கொட்டிலில் கோழி அடைகிடந்த ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சின்தான் இப்போது கிணற்றடியில் நின்றது. வீட்டில் இருந்த வெங்காயத்தைக் கொடுத்து வாங்கி, மண்ணெண்ணெயில் ஓடவும் வைத்தாயிற்று. பழைய இறைப்பு மிசின் செத்துப்போனதில், புத்தூர்ச் செம்மண்ணில் வெங்காயத் தாள் நுனி கருகி நின்றது. இந்தப் பயிரும் போனால் அடுப்பெரியாது.

சாமானைக் கழற்றியதும் பெல்ட் தொளதொளத்தது. யாகோப்பு குருநகரில் வள்ளத்து எஞ்சின் பார்த்தவன். கடலுக்குப் போகத் தடை வந்தபின் ஊரூராக இறைப்பு மிசின் பார்க்கிறான். பம்பைச் சுழற்றும் பெல்ட்டுக்கு எஞ்சினில் சின்னக் கப்பிச் சக்கரம் ஒன்றைப் பூட்டினான். தண்ணீர் பச்சைக் குழந்தை மூத்திரம் பெய்வதுபோல் வந்தது.

"இதுக்கோ நான் வெங்காயம் குடுத்தனான்?"

கொஞ்சம் பெரிதாக இன்னொன்றைப் பூட்டினான். வாய்க்கால் நிரம்பி ஓடியது.

"இது காணும் அண்ணை."

போதும் என்று ஒருவன் சொன்னால் மிச்சம் அவன் மடியில் இருக்கிறது என்பது கதிரவேலுவின் கணக்கு. யாகோப்பின் உரப்பையைப் பறித்துக் கவிழ்த்தார். தோசைக்கல் அளவில் ஒரு கப்பி உருண்டது.

"உதை ஏன் ஒளிச்சனி?"

"ஒளிக்கேல்லை. உது கூடிப்போகும்."

"ஆருக்குக் கூடும்? பூட்டு!"

பூட்டியதும் எஞ்சின் பந்தயத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டது. தண்ணீர் சீறி வரம்பு உடைந்தது. கதிரவேலு மண்வெட்டியோடு ஓடி ஒரு பக்கம் அடைக்க மறுபக்கம் உடைந்தது. யாகோப்பு தலையைச் சொறிந்துகொண்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். கதிரவேலு எஞ்சினை நிறுத்தவில்லை. கிணற்றின் அடிக்கல் தெரிந்தது. கொஞ்சம் பொறுத்து, ஊறியதையும் இறைத்தார்.

பொழுது சாய, நனைந்த பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய ஆயுளில் எவனும் எதையும் முழுதாகத் தந்ததில்லை. எல்லாவற்றிலும் ஒரு பிடி குறையும். இன்றைக்குத்தான் ஒன்று குறையாமல் கிடைத்திருக்கிறது. நெஞ்சு லேசானது.

மனைவி சின்னாச்சி உலைக்குத் தண்ணீர் அள்ள வந்தாள்.

"பாத்தியே? விட்டிருந்தா ஏமாத்தியிருப்பான்!"

அவள் வாளித் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி நாக்கில் வைத்தாள். பிறகு வாளியை மெல்லக் கீழே வைத்தாள்.

"இனி உலைக்கு உப்புப் போடத் தேவையில்லையப்பா, அடிமட்டம் இறைச்சதிலை கடல் கிணத்துக்கை வந்திட்டுது."