தங்கள் இடது முட்டி வானத்தில் பறந்தது சம்பந்தமாக

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை நலம். நான் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள். உங்கள் நலத்தை அறிய எனக்கு இப்போது ஆவல் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று உங்கள் தங்கை கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை நானே என் கையால் எழுதுகிறேன். இன்றோடு மூன்றாவது நாள். கோபத்தில் எழுத வேண்டியதை இவ்வளவு மெதுவாக எழுதுவது பெரிய கொடுமை மச்சான். ஒரு வரியை முடிப்பதற்குள் கோபம் ஆறிப்போகிறது. பிறகு பழையதை நினைத்து நினைத்து மூட்டி அடுத்த வரிக்குப் போகிறேன். நடுவில் ஒரு ‘ழ’ நன்றாக வந்துவிட்டால் சந்தோஷமாகிவிடுகிறது, அதனால் இன்னும் தாமதம். நீங்கள் மகன் வீட்டோடு போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு தாளை வாசித்துச் சொல்லவும் நாதியில்லை, அதனால்தான் எழுபத்தொரு வயதில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் பலன் இப்படி உங்கள் தலையில் வந்து விடியும் என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வகுப்பு அலமாரியில் பதினாறு பக்கத்தில் ஒரு புத்தகம் இருந்தது. பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றிக் காற்று அடித்தால் அது ராக்கெட்டாகப் பறக்கும் என்று படம் போட்டிருந்தது. நாற்பது வருடம் சைக்கிள் கடையில் ஊருக்கெல்லாம் காற்று அடித்தவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும். மூன்று வாரம் விரல் வைத்துப் படித்து, வீட்டில் கிடந்ததை வைத்தே செய்ய ஆரம்பித்தேன். அடியில் பிளாஸ்டிக் சோடா பாட்டில், அதன் வாயில் ரப்பர் மூடி, மூடிக்குள் பழைய டியூபிலிருந்து வெட்டிய வால்வு. பிடித்து வைத்துச் சட்டென்று விடுவதற்குக் கேரியர் ஸ்பிரிங். மூக்குக்கு ஒரு பழைய சைக்கிள் ஹாரனின் ரப்பர் குமிழ், அதன் ஊதலைக் கழற்ற மனம் வராமல் அப்படியே வைத்தேன். இறங்கும்போது விரிவதற்கு நீங்கள் மறந்துவிட்டுப் போன குடையின் துணி. இறக்கைக்கு மெல்லியதாகவும் விறைப்பாகவும் வேண்டும் என்று புத்தகம் சொன்னது, அலமாரி மேல் உங்கள் இடது முட்டியின் எக்ஸ்ரே கிடந்தது. அதை மூன்று முக்கோணமாக வெட்டியபோது உங்கள் தங்கை வாசலில் நின்று, “எங்க அண்ணன் முட்டிய வெட்டிட்டீங்களா” என்று கேட்டாள். நடக்க முடியாத முட்டி பறக்கட்டும் என்றேன். அப்போது எனக்கு உங்கள்மேல் அவ்வளவு பிரியம்.

பாட்டிலுக்கு மேலே கெட்டியாக ஒரு காகிதக் குழாய் வேண்டும். தகரப் பெட்டியில் எனக்கு வந்த கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தன. எல்லாம் நீங்கள் எனக்கு வாசித்துக் காட்டியவை, எல்லாம் எனக்கு மனப்பாடம், பிறகு தாள் எதற்கு என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை தடவிச் சுருட்டினேன். வெளியே சிவப்பு பெயின்டில் என் பெயரை நானே எழுதினேன். அதற்கு மட்டும் ஒரு நாள் ஆனது.

பள்ளிக்கூட மைதானத்தில் பறக்கவிட்டோம். என் அண்ணனும் வந்திருந்தார். அவர் வெளியூர் வேலையை விட்டு இங்கேயே வந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் என் கடை பெஞ்சில் ஒரு பாதியில் அவர், மறுபாதியில் நான் என்று உட்கார்ந்திருப்பது நீங்கள் பார்த்ததுதான். கடைப் பம்பை முப்பது மிதி மிதித்துக் காற்று ஏற்றி ஸ்பிரிங்கைத் தட்டினேன். அண்ணனை முழுக்க நனைத்துவிட்டுக் கிளம்பியது மச்சான், மூன்று மாடிக் கட்டிடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே போனது. என் பெயர் அவ்வளவு உயரத்தில். அப்புறம் குடைத் துணி விரியவில்லை. கேரியரில் மூட்டை கட்டுகிற முடிச்சையே நான் அதற்கும் போட்டிருக்கிறேன், அது எப்படி அவிழும். தலைகுப்புற வந்து தரையில் குத்தி, குமிழ் நசுங்கி, ‘பாம்’ என்று ஒரு சத்தம். ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கிய ராக்கெட்டை நான் கேள்விப்பட்டதில்லை.

பாட்டில் கசிந்து குழாய் ஊறியிருந்ததால் பசை விட்டு, தாள் சுருள் சுருளாகப் பிரிந்தது. பந்துமுனைப் பேனா எழுத்து அப்படியே இருந்தது. எழுத்தைக் கண்டால் இப்போதெல்லாம் என்னால் சும்மா இருக்க முடியாது, அண்ணன் பக்கத்தில் நிற்க நிற்கச் சத்தமாக எழுத்துக் கூட்டி வாசித்தேன். “தம்பி, நீ மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதம் கிடைத்தது. சக்கரம் ஆடியது உண்மைதான் என்று நீயே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு என்ன கோபம்.” அண்ணனின் எழுத்து. இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தியது.

“யாரு மன்னிப்புக் கேட்டது?” என்றேன்.

“நீதான். எழுதினியே.”

“நானா?”

“பின்ன, உன் சைக்கிளா எழுதுச்சு?”

மச்சான், அன்றைக்கு நடந்தது ஒன்று விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. நான் கோட்டம் எடுத்து நேராக்கிக் கொடுத்த சக்கரம் இன்னும் ஆடுகிறது என்று, லீவில் ஊருக்கு வந்திருந்த அண்ணன் என் கடைவாசலில் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டு, அடுத்த கடைக்கு உருட்டிக்கொண்டு போனார். பதினொரு மாதம் பேச்சில்லை. நீங்கள் மனு எழுதுகிற மேசைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் திட்டச் சொன்னேன். ஆடினது சக்கரம் இல்ல, உன் தலை என்று எழுதச் சொன்னேன். நீங்கள் பேனாவை நிறுத்தி, “தலைன்னு போதுமா, மண்டைன்னு போடவா?” என்று கேட்டீர்கள். மண்டை என்றே போடச் சொன்னேன். அப்படிக் கேட்டுக்கொண்டே மன்னிப்பு எழுதியிருக்கிறீர்கள். பதில் வந்தபோது, தம்பி, தவறு என்னுடையது, சக்கரம் ஆடவில்லை என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தீர்கள். பெரியவர் இறங்கி வந்திருக்கிறார், இனிமேல் அந்தப் பேச்சை எடுத்து நோகடிக்காதே என்றீர்கள். அவரிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறீர்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த பெஞ்சில், இவரை மன்னித்தவன் நான் என்று நானும், இவனை மன்னித்தவன் நான் என்று அவரும், ஒருவரை ஒருவர் பெருந்தன்மையாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். இதைவிட ஒரு மனிதனைக் கோமாளி ஆக்க முடியுமா?

இப்போது மூன்று நாளாகப் பெஞ்சில் அவர் பாதி காலி. நான் ஒப்புக்கொண்டதை மறுக்கிறேனாம். நான் பொய்யனாம். ஊர் மனுவெல்லாம் எழுதிய உங்கள் கையால், சக்கரமும் ஆடவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை என்று உடனே அவருக்கு எழுதிப் போடுங்கள். எழுதும்வரை இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். குடையும் கிடையாது, முட்டியும் கிடையாது.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும். உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன் (சொந்தக் கையெழுத்து)

பின்குறிப்பு: உறை ஒட்டப் போகும்போது அண்ணன் வந்தார். நான் அனுப்பியதாக நீங்கள் அனுப்பிய கடிதத்தை அத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். “நீயே படிச்சுப் பாரு” என்று என் கையில் கொடுத்தார். படித்தேன். அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை, கடைசி வரியைத் தவிர. ‘நீ ஓட்டக் கற்றுக்கொடுத்த ஓட்டைச் சைக்கிளை நான் இன்னும் விற்கவில்லை.’ அன்றைக்கு அதையும் நான் திட்டாகத்தான் சொன்னேன். ஒரு மணி நேரம் நான் பேசியதில் அதை மட்டும் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அண்ணன் அந்த வரியைத்தான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாராம். மேலே உள்ள கடிதத்தை அவரும் படித்து, உங்களை இன்னும் கொஞ்சம் திட்டியிருக்கலாம் என்றார். சக்கரம் ஆடியதா என்பதில் மட்டும் இன்னும் முடிவு இல்லை, பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ராக்கெட். தவறாமல் வரவும். இடது முட்டி கிழிந்துவிட்டது, வலது முட்டிக்கு எக்ஸ்ரே இருந்தால் கொண்டு வரவும்.