எழுத்துச் செதுக்கிய ஆயுதம்

“மண்டை ஓட்டையும் எழுத்தையும் அழிச்சாச்சு” என்று துப்பாக்கியை மேஜைமேல் வைத்தான் டெல்பர்ட் ஸ்காக்ஸ். “இப்போ பாரு, பச்சைப் பிள்ளை மாதிரி இருக்கு.”

ரஸ்க் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டான். ஓக்லஹோமாவின் அந்தச் சின்ன ஊரில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவன் அவன். கோர்ட்டுக்குப் போகிற எந்த வழக்குக்கும் முதல் தீர்ப்பு அவன் கடையில்தான்.

“அடப்பாவி, தழும்பு தெரியுதே. எதிர் வக்கீல் இதை ஜூரி முன்னாடி தூக்கிக் காட்டி, ‘எதை மறைச்சே?’ன்னு கேப்பான்.”

“நேத்து நீதானடா சொன்னே, மண்டை ஓடு இருந்தா கொலைவெறி பிடிச்சவன்னு சொல்லுவாங்கன்னு?”

“இருந்தா கொலைவெறி. அழிச்சா குத்தமுள்ள நெஞ்சு.”

டெல்பர்ட்டுக்குத் தலை சுற்றியது.

எல்லாம் போன கிறிஸ்துமஸுக்கு அவன் வாங்கிய செதுக்கும் மெஷினால் வந்த வினை. அன்றிலிருந்து வீட்டில் ஓர் இரும்பும் மொட்டையாக இருந்ததில்லை. ஸ்பானர், தபால் பெட்டி, ஒன்றையும் விடவில்லை. கல்யாண நாளுக்கு மனைவி வெர்னாவுக்கு வாங்கிய இரும்பு வாணலியின் அடியிலும் ஏதோ செதுக்கித்தான் கொடுத்தான். அவள் ஒரு வாரம் பேசவில்லை. இடுப்பில் செருகும் துப்பாக்கிக்கு மண்டை ஓடும், கீழே ‘உனக்காகத்தான் காத்திருக்கேன்’ என்ற வாசகமும். விசையை வேறு லேசாக்கியிருந்தான், தும்மினால் வெடிக்கும்.

போன மாதம் ஒரு விடியற்காலை, டானர் பிப் என்பவன் டெல்பர்ட்டின் பிக்கப் வண்டிக்கு அடியில் படுத்துப் புகைக்குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தான். சத்தம் கேட்டு டெல்பர்ட் ஓடிவர, பிப் பெரிய குறடு ஒன்றை ஓங்கிக்கொண்டு எழுந்தான். டெல்பர்ட் துப்பாக்கியை நீட்டினான். சுடவில்லை. பிப் தலைதெறிக்க ஓடி, சாக்கடையில் விழுந்து, தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டான்.

இப்போது, தான் நாயைத் தேடி வந்ததாகவும், ‘எழுத்துச் செதுக்கிய ஆயுதத்தைக் காட்டிக் கொலை மிரட்டல்’ விடப்பட்டதாகவும் வழக்குப் போட்டிருந்தான். தோற்றால் டெல்பர்ட்டின் துப்பாக்கி உரிமமும் போகும், நஷ்ட ஈட்டுக்கு அவன் பிழைப்பு நடத்தும் தூண்டில் கடையும் போகும்.

“மண்டை ஓட்டைப் பார்த்ததும் அவன் கண்ணு அப்படியே மேல சொருகிடுச்சு, ரஸ்க். அதை எப்படி மறப்பான்?”

“மறக்க மாட்டான். தழும்பு மேல நல்லதா ஏதாவது செதுக்கிடு. பூ கீ.”

டெல்பர்ட் வீட்டுக்குப் போய்ச் சூரியகாந்தி ஒன்றைச் செதுக்கினான். மண்டை ஓட்டின் கண்குழிகள் ஆழமானவை. இதழ்களுக்கு நடுவிலிருந்து எட்டிப் பார்த்தன.

வெர்னா அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். “என்ன இது, செத்தவன் பூ வெச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்?”

“உனக்கென்ன தெரியும்? எல்லாம் என் தலையில.”

“அன்னிக்கு முட்டை பொரிச்சிட்டிருந்தவ, அப்படியே உன் பின்னாடியே ஓடி வந்தேனே, அதைச் சொல்லு. முட்டை முழுக்க வாசல்ல கொட்டிச்சு.”

“முட்டையா இப்போ முக்கியம்?”

விசையையாவது பழையபடி ஆக்கிவிடலாம் என்று பிரித்தான். உள்ளே இருந்த ஸ்பிரிங் எகிறி ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது. ஃபிரிட்ஜை நகர்த்தினான். அதன் பின்னால் இருந்த தண்ணீர்க் குழாய் பிடுங்கிக்கொண்டது. ஸ்பிரிங் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விட்டது.

ரஸ்க் போனில் சிரித்தான். “விசை லேசா இருந்தா அஜாக்கிரதைம்பாங்க, கனமா இருந்தா வேணும்னே பண்ணினேம்பாங்க. விசையே இல்லேன்னா என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியலப்பா.”

திங்கள்கிழமை கோர்ட் வாசலில், அவனுடைய வக்கீல் ஆன்ஸ்லி துப்பாக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாக மூடினாள்.

“மிஸ்டர் ஸ்காக்ஸ், இதை யாரு தொடச் சொன்னது?”

“ரஸ்க்.”

“அவர் வக்கீலா?”

“துப்பாக்கி விக்கிறான்.”

“மண்டை ஓடு இருந்திருந்தா, அலங்காரம்னு சொல்லிச் சமாளிச்சிருப்பேன். ஆதாரத்தைத் திருத்தினதை என்னன்னு சொல்லுறது? தயவு செஞ்சு உள்ள வாயைத் திறக்காதீங்க.”

வாயைத் திறக்காமல் அவன் இருந்தது, நீதிபதி அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கும் வரைதான்.

“நான்தாங்க செதுக்கினேன்” என்று எழுந்தான். “மண்டை ஓடும் நான்தான், அழிச்சதும் நான்தான். பூ ரஸ்க் சொல்லி வெச்சேன். விசை ஸ்பிரிங் சாக்கடையில போயிடுச்சு. ஆனா அவன் குறடு ஓங்கினது சத்தியம்.”

ஆன்ஸ்லி நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஜூரியில் ஒரு கிழவர் வாயைப் பொத்திக்கொண்டார். பின்வரிசையில் வெர்னா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

நீதிபதி அம்மாள் சூரியகாந்தித் துப்பாக்கியைச் சாட்சிக் கூண்டிலிருந்த பிப்பிடம் காட்டச் சொன்னாள்.

“மிஸ்டர் பிப், உங்களை மிரட்டின எழுத்துச் செதுக்கிய ஆயுதம் இதுதானா?”

கட்டுப்போட்ட தோளோடு பிப் குனிந்தான். இப்படிப் பார்த்தான், அப்படிப் பார்த்தான். ஒன்றும் புரியாமல் டெல்பர்ட்டைப் பார்த்தான். பிறகு பின்வரிசைப் பக்கம் பார்வை போனதும், கூண்டுக்குள்ளேயே ஓர் அடி பின்வாங்கினான்.

“துப்பாக்கியா? அதை யாரு மேடம் பார்த்தா? இவர் தலைக்கு மேல அந்தம்மா ஒரு வாணலியை ஓங்கிட்டு வந்தாங்க, அதோட அடியில ‘இன்னொரு வார்த்தை பேசிப் பாரு’ன்னு எழுதியிருந்தது.”