ஒரு மெயிலும் தொலையாத அலுவலகம்

உலகத்தில் எதுவுமே அழிவதில்லை என்று ஞானிகள் வாயால் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைச் செய்து காட்ட, குழாயும் வால்வும் விற்கும் ஒரு கம்பெனியின் கிளை அலுவலகம் பிறந்து வர வேண்டியிருந்தது.

அந்த அலுவலகத்தின் மாடிப்படி ஏறியதும் கண்ணில் படும் அறிவிப்பு: "இது காகிதமற்ற அலுவலகம்." அறிவிப்பு காகிதத்தில் அச்சடித்து ஒட்டப்பட்டிருந்தது. அதுதான் கடைசிக் காகிதம். அதை அச்சடித்த கையோடு மேனேஜர் பிரின்டரைக் கழற்றிப் பழைய சாமான் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார். அதன் பிறகு ஒரு தாளுக்கு ஆசைப்பட்டவர்களைத் துரோகி போலப் பார்த்தார்.

"எல்லாம் மெயில்ல இருக்கு. மெயில் பேக்கப்ல இருக்கு. பேக்கப் என் ரூம்ல இருக்கு. அப்புறம் உங்களுக்கு என்ன கவலை?"

பேக்கப் என்பது அவர் மேசையோரம் இருந்த சாம்பல் நிறப் பெட்டி. அதில் ஒரு பச்சை விளக்கு எரியும். வருகிற வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அதை நகைக்கடைக்காரர் வைரம் காட்டுவதுபோல, கண்ணுக்குக் காட்டிக் கைக்கு எட்டாமல் காட்டுவார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் பார்த்ததில்லை. பார்ப்பது நம்பிக்கைக் குறைவு என்பது அவர் கொள்கை.

இப்படிப்பட்ட கோட்டையில் கொள்முதல் பிரிவைக் கவனித்தவரைச் சின்னவர் பெரியவர் எல்லோரும் "பர்ச்சேஸ் அக்கா" என்றுதான் கூப்பிட்டார்கள். வால்வு விற்க வருகிறவர்கள் அக்காவின் மேசைக்கு வருமுன் இரண்டு தடவை தண்ணீர் குடிப்பார்கள். அசல் விலையைச் சொல்லவைத்து, அதற்கும் கீழே இறக்கி, வாசல்வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டுக் கொசுறும் வாங்குகிற கை. ஆனால் அந்தக் கை சொந்த விஷயத்தில் ஒன்றும் பண்ண முடியாமல் கிடந்தது. கணவரும் மகளும் வேறு ஊரில்; அக்கா இங்கே பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் பாதி அலமாரியுமாக. மகள் வீடியோவில்தான் பல் விழுந்ததைக் காட்டினாள். புதுப் பல் முளைத்ததையும் வீடியோவில்தான் காட்டினாள்.

மனு மேல் மனு போட்டு, ஒருவழியாகத் தலைமை அலுவலகத்திலிருந்து மாறுதல் உத்தரவு மெயிலில் வந்தது. அக்கா தினமும் காலையில் வேலையைத் தொடங்குமுன் அதை ஒருமுறை திறந்து படிப்பார். காலண்டரில் கிளம்பும் நாளைக் குறித்து, விவரம் என்ற இடத்தில் "வீடு" என்று மட்டும் எழுதிவைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை மெயிலைத் திறந்தால், துடைத்துவிட்ட சிலேட்டு. காலண்டரில் தேதிகள் இருந்தன. தேதிகளில் ஒன்றும் இல்லை. அக்காவுக்கு மட்டுமல்ல, அலுவலகம் முழுவதற்கும்.

உடனே அவசரக் கூட்டம் கூட்ட வேண்டும் என்று மேனேஜர் ஆணையிட்டார். கூட்டத்துக்கான அழைப்பு காலண்டர் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. காலண்டர் தொலைந்தது பற்றிய கூட்டத்துக்குக் காலண்டர் இல்லாததால், ஆளுக்கொரு நேரத்தில் கூட்ட அறைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து, யாரும் வராததால் தீர்மானத்தை ஏகமனதாக நிறைவேற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

பிறகு கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிறவர் வரவழைக்கப்பட்டார். எந்த நோய்க்கும் ஒரே மருந்து சொல்வதால் அவருக்கு "ரீஸ்டார்ட்" என்றே பெயர்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா அக்கா?"

"நாலு தடவை பண்ணிட்டேன்."

"அஞ்சாவது தடவை?"

"அண்ணே, என் டிரான்ஸ்பர் அதுல இருக்கு. வெளையாடாதீங்க."

"எதுக்குக் கவலைப்படுறீங்க? பெட்டி இருக்கே. ஒரு ராத்திரி தவறாம ஓடியிருக்கு. காலைல எனக்கு 'வெற்றி'ன்னு மெயில் வரும். பாத்துட்டுதான் டீயே குடிப்பேன்."

அலுவலகமே மேனேஜர் அறையில் திரண்டது. ரீஸ்டார்ட் பெட்டியைக் கம்ப்யூட்டரில் இணைத்தார். திரையில் மெயில்கள் கொட்டின. நூறு, ஆயிரம் என்று எண்ணிக்கை ஓட ஓட, அக்கா கையைக் கூப்பிக்கொண்டே நின்றார். கேஷியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் மெயிலை உரக்கப் படித்தார்.

"பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது."

"சரி, அடுத்தது?"

"பேக்கப் வெற்றிகரமாக முடிந்தது."

"அதுக்கு அடுத்தது?"

"அதுவும் வெற்றிதான். கடைசி வரைக்கும் வெற்றிதான் சார். வேற ஒண்ணுமே இல்ல."

எல்லோரும் ரீஸ்டார்ட்டைப் பார்த்தார்கள்.

"சார்தானே சொன்னாரு," என்றார் அவர். "பேக்கப்புன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, அதைத் தினமும் காப்பி எடுன்னு. எடுத்தேன். அந்த வெற்றி மெயிலெல்லாம் அந்த ஃபோல்டர்லதான் விழும். அதைத்தான் பெட்டி தினமும் பத்திரப்படுத்தியிருக்கு. மத்த மெயிலை எடுன்னு யாரும் சொல்லலையே?"

வேறொரு மேனேஜராக இருந்தால் தலையில் கை வைத்திருப்பார். நம் மேனேஜர் முகம் மலர்ந்தது. பேக்கப் ஒரு நாள்கூடத் தவறவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? அன்று மாலையே தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை பறந்தது: "பெட்டியில் இருந்த மெயில்கள் நூற்றுக்கு நூறு மீட்கப்பட்டன. இழப்பு: இல்லை." ஆண்டின் சிறந்த தரவுப் பாதுகாப்பு விருதுக்கும் அதையே விண்ணப்பமாக்கினார்.

அக்கா தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"உத்தரவை நாங்க அனுப்பினோம்மா, இல்லைன்னு சொல்லல," என்றது அங்கிருந்த குரல். "ஆனா அனுப்பினதையெல்லாம் மாசாமாசம் அழிச்சிடுவோம். இடம் பத்தாது. உங்க கிளையிலதான் பிரமாதமா பேக்கப் இருக்காமே? அதுல எடுத்துக்குங்க."

அக்கா நேரே மேனேஜர் முன் போய் நின்றார்.

"சார், ஒண்ணு மெயிலைக் குடுங்க. இல்ல, தொலைஞ்சிடுச்சுன்னு எழுதிக் குடுங்க. புதுசா வாங்கிக்கிறேன்."

"தொலைஞ்சிடுச்சுன்னு எப்படிம்மா எழுதுறது? தொலையலையே. அறிக்கையே போயாச்சு."

"தொலையலைன்னா எங்க சார் இருக்கு?"

"பத்திரமா இருக்கு."

"அப்ப எடுத்துக் குடுங்க."

"பத்திரமா இருக்கிறதை எப்படிம்மா வெளிய எடுக்கிறது? எடுத்தா பத்திரம் போயிடுமே!"

இவ்வளவு ஆழமான தத்துவத்தைக் கேட்டுக்கொண்டு அக்கா தம் மேசைக்குத் திரும்பினார். அன்று விடுதிக்கு வந்து போனை எடுத்தால் மகள்.

"அம்மா, என் ரூம்ல உனக்கு ஒரு கொக்கி அடிச்சு வெச்சிருக்கோம், பை மாட்ட. எப்ப வர்ற?"

"வர்றேன் கண்ணு. மெயில் பத்திரமா இருக்காம்."

"அப்படின்னா?"

"அதுதான் எனக்கும் புரியல."

மாதம் மாறியது. அக்கா கிளம்ப வேண்டிய நாள் வெறும் நாளாக வந்து, வெறும் நாளாகப் போனது. மேனேஜருக்கு விருது கிடைத்தது. அதைக் கையில் கொடுக்க வட்டார அதிகாரி நேரிலேயே வந்தார். கூட்ட அறையில் எல்லோரும் உட்கார, மேனேஜர் பெட்டியைத் துணி போர்த்தி மேசைமேல் வைத்திருந்தார்.

"ஒரு மெயில்கூடத் தொலையாத கிளை!" என்று அதிகாரி நெகிழ்ந்தார். "அப்படித்தானே?"

"ஒண்ணுகூட இல்ல சார்," என்றார் மேனேஜர்.

அக்கா எழுந்தார். வால்வு விற்க வந்தவர் வாயிலிருந்து விலை விழுந்த நொடியில் பிடித்துக்கொள்வாரே, அதே குரல்.

"சார், என் டிரான்ஸ்பர் மெயிலும் பத்திரமா இருக்கில்ல?"

மேனேஜர் அதிகாரியைப் பார்த்தார், விருதைப் பார்த்தார். "பத்திரமா இருக்கும்மா."

"டிரான்ஸ்பர் ஆயிடுச்சா? பின்னே ஏம்மா இன்னும் இங்கயே இருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"விடுவிச்சா இப்பவே கிளம்பிடுவேன் சார்." அக்கா கைப்பையிலிருந்து விடுவிப்பு உத்தரவுத் தாளை எடுத்தார். தெருமுனைக் கடையில் அச்சடித்தது. காகிதத்தைக் கண்டு மேனேஜர் பதறுமுன் அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். மை உலரும்வரை அக்கா தாளை ஊதிக்கொண்டே நின்றார்.

கேஷியர் கையைத் தூக்கினார். அவருக்கு அப்படி எந்த மெயிலும் வந்ததே இல்லை. "சார், என் சம்பள உயர்வு மெயில்?"

"பத்... பத்திரமா இருக்கு."

"என் புரமோஷன்?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

"அதுவும்."

அதிகாரிக்கு ஒரே பூரிப்பு. "அப்படின்னா நான் உங்களுக்கு அனுப்பினதும் பத்திரமா இருக்கும்."

"எது சார்?"

"போன மாசத்தோட நீங்க ஓய்வு பெறுறீங்கன்னு ஒண்ணு அனுப்பினேனே. பதிலே காணோம். விருது வாங்கத்தான் வீட்லேர்ந்து வந்திருக்கீங்கன்னு நெனச்சேன். ஆமா, மேனேஜர் ரூம்ல இன்னும் உங்க சட்டை ஏன் மாட்டியிருக்கு?"

மேனேஜர் பெட்டிமேல் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்தார்.

"அது... அது மட்டும் தொலைஞ்சிருக்கும் சார்," என்றார் மேனேஜர்.

"தொலையல சார்," என்று ரீஸ்டார்ட் எழுந்தார், மேனேஜரைக் காப்பாற்றுகிற அக்கறையோடு. "அது வந்த அன்னிக்கே சார் என்னைக் கூப்பிட்டுப் பேசினாரு. மெயிலை எப்படி அடியோட அழிக்கிறதுன்னு கேட்டாரு, என் பாஸ்வேர்டும் கேட்டாரு. குடுத்தேன். 'எல்லாத்தையும்'னு ஒரு பட்டன் இருக்கும், தொட்டா ஆபீஸ் மெயில், காலண்டர் மொத்தமும் போயிடும், அதை மட்டும் தொட்டுடாதீங்கன்னு சொல்லிட்டுதான் சார் வீட்டுக்குப் போனேன். அது ஞாயித்துக்கிழமை."

இதைக் கேட்டு மேனேஜரை யாரும் குறைவாக எண்ணிவிடக் கூடாது. தமக்கு வேண்டாத ஒரு மெயிலை மட்டும் பொறுக்கியெடுத்து அழிப்பது பாரபட்சம். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். தம் ஒரு நாற்காலி மிஞ்சுவதற்காக எல்லோருடைய வாழ்க்கையையும் சரிசமமாக அழித்தார்.