பத்தாவது காளான்

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அருணாசலத்தின் வேட்டித் தலைப்பே நனைந்துவிட்டது. கொல்லிமலையின் மூடுபனி துடைக்கத் துடைக்கப் படிந்தது. வெறுத்துப்போய் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டார். காடே பச்சையாகக் கலங்கியது. இனி எது செடி, எது பாறை என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது.

அவர் தாவர இலாகாவில் ஆறு வருடமாகத் தற்காலிகக் குமாஸ்தா. ஆராய்ச்சிக்கு வந்த இலாகாவின் வெள்ளைக்காரத் துரை காட்டோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்திக்குள் தரையில் முளைக்கும் காளானில் பத்து வகை வந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

வழிகாட்ட வந்தவர் அந்த மலையிலேயே உள்ள குண்டூர் நாட்டு விவசாயி செங்கோடன். காட்டின் எல்லையிலேயே அருணாசலத்தின் செருப்பைக் கழற்ற வைத்தார். இது சாமி காடு, சுள்ளியைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அவர் சொன்னபோது, அருணாசலம் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றார்.

"மழை பத்தலீங்க. காளான் ஒண்ணு ரெண்டு இருந்தாலே பெருசுங்க."

பாசி படிந்த நாவல் மரத்தடியில் முதல் காளான் கிடைத்தது. அருணாசலம் அதைப் பிடுங்கிக் கூடையில் போட்டு, நோட்டில் மூக்கு உரச எழுதினார்: 'ஒன்று. வெள்ளை. குடை போன்றது.'

எழுதி முடிப்பதற்குள் பொழுது போய்விடும் போலிருந்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க, கூடையோடு முன்னே போகும்படி செங்கோடனிடம் சொன்னார். யோசனை உடனே பலித்தது. இருபதடியில், பெரணிச் செடி ஓரம் இன்னொன்று நின்றது.

'இரண்டு. குடையின் ஓரம் கிழிந்தது.'

காட்டு மிளகுக் கொடியடியில் மற்றொன்று. 'மூன்று. காம்பு குட்டை.' அப்புறம் நடக்க நடக்கக் காளான். 'ஆறு. குடை சாய்ந்தது. விரல் தடம் போன்ற கறை.' ஆறு வருடம் கோப்பு தைத்தவருக்குள் ஒரு விஞ்ஞானி விழித்துக்கொண்டார்.

ஆனால் ஒவ்வொன்றைப் பிடுங்கும்போதும் செங்கோடனின் முகம் வாடியது. பொறாமை என்று அருணாசலம் நினைத்தார். ஏழாவதில் செங்கோடன் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

"ஏனுங்க, இத்தோட உட்டுருங்களேன்."

"இன்னும் மூணே மூணுதான்" என்று அருணாசலம் தட்டிக்கொடுத்தார்.

'பத்து. பாதிக் குடை. காம்பே இல்லை. மிக அபூர்வம்.'

கூடாரத்தில், தமிழ் படிக்கத் தெரிந்த துரை நோட்டைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தார். ஒரே காளான் குடும்பத்தில் பத்து வகையா என்று அருணாசலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கி, வேலை நிரந்தரம் என்றார். அருணாசலத்துக்குக் கண் கலங்கியது. துரை கூடையின் மேலிருந்த இலையை ஆசையோடு விலக்கினார்.

கூடை காலியாக இருந்தது.

அருணாசலம் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். செங்கோடன் கையைக் கட்டிக்கொண்டு துரையிடம் முறையிட்டார்.

"சாமி சொத்து வெளிய வரக் கூடாதுன்னு, நானும் அந்த ஒத்தக் காளானைப் பத்துத் தடவை காட்டுலயே திருப்பி வெச்சனுங்க, இவரு உட்டாத்தானுங்களே."